கோவில் தண்ணிக்குள்ள நிக்கி சார்! – முத்துப் பாரும் ஜி.பி.எஸ். பெட்டியும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

வெளியூரிலிருந்து நம்ம வீட்டு விசேஷங்களுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை ஒன்று உண்டு. கார் பெட்டியில் ‘புதுக்கோட்டை’ என்று தட்டினால் அது தொண்டைமான் அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கும். நம்ம ஊர் தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில் இருக்கிறது. அந்தப் புதுக்கோட்டைக்கும் இந்தப் புதுக்கோட்டைக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல். கருவியின் மேல் தப்பு இல்லை. அதற்குள் யாரோ ஏற்றி வைத்த வரைபடத்தில் எது பெரிய எழுத்தில் இருக்கிறதோ அதைத்தான் அது முதலில் காட்டும். ஜி.பி.எஸ். கருவிக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தான்: இத்தனை டிகிரி வடக்கு, இத்தனை டிகிரி கிழக்கு. அந்த இடத்தில் ஊர் இருக்கிறதா, குளம் இருக்கிறதா, பார் இருக்கிறதா என்பது நாம் ஏற்றுகிற வரைபடத்தைப் பொறுத்தது. தரையில் இது பெரிய காரியமில்லை, டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம். கடலில் கேட்க ஆள் இல்லை. நம் கரையில் இந்தக் ‘கடல் வரைபடம்’ யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ‘பார்’ என்றால் என்ன என்று உள்நாட்டுப் பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவில் கடலடியில் கிடக்கிற பாறைத் திட்டுகளைப் பார் என்கிறோம். முத்துச்சிப்பி அதில்தான் ஒட்டி வளரும். கலவாய், விளமீன் போன்ற நல்ல மீனும் அங்கேதான் கூடும். சுற்றிலும் மணல், நடுவில் பாறை. தூத்துக்குடிக்கு நேராகக் கரையிலிருந்து 10 முதல் 20 கிலோமீட்டர் தள்ளி இப்படிப் பல பார்கள் உண்டு. தொளாயிரம் பார், குடமுத்துப் பார், வட ஒன்பது பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான்.

இந்த முத்து உலகத்துக்குத் தெரிந்து 2000 வருஷம் ஆகிறது. பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல், பாண்டிய நாட்டின் கொல்கோய் என்ற இடத்தில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. அது நம்ம கொற்கை என்று அடையாளம் காட்டியவர்களில் கால்டுவெல் முக்கியமானவர். இப்போது கொற்கைக்குப் போய்க் கடலைத் தேடினால் வாழையும் வயலும்தான் இருக்கும். தாமிரபரணி கொண்டு வந்து கொட்டிய வண்டல் கடலைப் பல கிலோமீட்டர் தள்ளிவிட்டது. அதற்குப் பின் தலையெடுத்த காயல் துறைமுகத்தை மார்க்கோ போலோ பார்த்து எழுதினார். அதற்கும் இதே கதிதான். நம் கரையில் வரைபடம் பழசாகிற வேகத்துக்கு இது ஒரு உதாரணம். பின்னால் இது தேவைப்படும், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காகித வரைபடம் இல்லாத காலத்தில் பாரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கரையைப் பார்த்துத்தான். கரையில் முன்னும் பின்னுமாக இருக்கிற இரண்டு பொருள் ஒரே நேர்கோட்டில் வரும்படி படகை நிறுத்து. உதாரணத்துக்கு, ஒரு கோவில் கோபுரமும் அதற்குப் பின்னால் தெரிகிற தேரி மேடும். அது ஒரு கோடு. வேறு திசையில் இன்னொரு ஜோடி, அது இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டுகிற புள்ளியில் பார் கிடக்கும். கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, இத்தனை பாகம் ஆழம், அடியில் மணலா கல்லா என்று பார்த்து உறுதி செய்துகொள்வார்கள். எட்டாம் வகுப்பில் நான் கரும்பலகையில் போட்ட கோண அளவீடுதான் இது. என்னிடம் அரை மதிப்பெண்ணுக்குச் சண்டை போட்ட பையன்கள் சிலரின் தாத்தாமார் அதை ஸ்கேல் இல்லாமல் கடலில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முத்துக்குளிப்பு நடக்கிற காலத்தில் நூற்றுக்கணக்கான தோணிகள் நள்ளிரவுக்கு மேல் கரைக்காற்றில் புறப்படும். முன்னால் விளக்கோடு போய் வழிகாட்டுகிறவரை அடப்பனார் என்று அந்தக் காலப் பதிவுகள் சொல்கின்றன. விடியும்போது பார்மேல் நிற்க வேண்டும், மத்தியானம் கடல்காற்று எழும்பியதும் திரும்ப வேண்டும். இதில் ஒரு மைல் தப்பினால் அன்றைய குளி போச்சு. அந்த மனிதர் தலைக்குள் இருந்த படம்தான் பாண்டியருக்கும், பிறகு போர்ச்சுக்கீசியருக்கும், 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரருக்கும், கடைசியில் வெள்ளைக்காரனுக்கும் வருமானம் கொடுத்தது. ஆட்சி மாறினாலும் வழிகாட்டி மாறவில்லை.

வெள்ளைக்காரன் செய்த வித்தியாசம், அந்தப் படத்தைத் தலையிலிருந்து தாளுக்கு மாற்றியதுதான். பார்களைப் பரிசோதிக்கத் தனி அதிகாரி, படகு, குளியாளிகள், மிதவைகள் எல்லாம் வந்தன. திசைகாட்டியால் கரை அடையாளங்களை நோக்கிக் கோணம் எடுத்து, ஆழம் எழுதி, குளியாளி எடுத்து வந்த சிப்பியை எண்ணி, இந்த வருஷம் குளிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். 1889-இல் தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் அடுத்த வருஷமே நூல் எழுதினார். இலங்கைப் பார்களை ஹெர்ட்மன் ஆராய்ந்து 1903 முதல் 1906 வரை ஐந்து பாகமாக அறிக்கை கொடுத்தார். அவரோடு வேலை பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல் பிறகு சென்னை மாகாண மீன்துறைக்கு வந்து, நம் பார்களைப் பற்றி 1922-இல் பெரிய நூலாகவே போட்டார். இந்த அறிக்கைகளில் பார்களின் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தில் நெளிந்து நெளிந்து கிடக்கும். சொன்னவர் நம் ஆள், எழுதியவர் வேற்றாள். எது வாடை, எது ஒன்பது என்று கண்டுபிடிக்கவே தனி அகராதி வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1955 முதல் 1961 வரை தொடர்ந்து தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது. பிறகு பெரிய குளிப்பே இல்லை. சிப்பி சேரவில்லை. 1973-இல் இங்கேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சிக்காரர்கள் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள், அது தனிக்கதை. 1961-இல் 20 வயதில் குளித்தவருக்கு இன்றைக்கு 80-ஐத் தாண்டிவிட்டது. இந்தக் கணக்கைப் போடும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். பெயரோடு பாரை அறிந்த கடைசித் தலைமுறை அது.

இதற்கிடையில் தரையில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுக்க அளக்கிற வேலையைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், இந்தியாவுக்குப் பொருந்துகிற மாதிரி பூமி உருண்டையின் அளவு ஒன்றைக் கணக்கிட்டுக் கொடுத்தார். நம் நாட்டு நிலப்படங்கள் நெடுங்காலம் அந்த எவரெஸ்ட் உருண்டையின் மேல்தான் வரையப்பட்டன. ஜி.பி.எஸ். வேறு உருண்டையை வைத்திருக்கிறது, டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று பெயர். இரண்டுக்கும் மையமே வேறு. அதனால் ஒரே இடத்துக்கு இரண்டிலும் எண்கள் ஒத்துப்போகாது. நம்ம பக்கத்தில் அந்த வித்தியாசம் 200 மீட்டருக்கு மேல் வரும்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. இந்திய வரைபடங்களின் தீர்க்கரேகையெல்லாம் சென்னை வானாய்வுக் கூடத்தின் தீர்க்கரேகையை அடிப்படையாக வைத்து எண்ணியவை. 1800-களின் தொடக்கத்தில் கணக்கிட்ட அந்த எண்ணே உண்மையைவிடக் கிழக்கே தள்ளிப் போயிருந்தது. பிறகு தந்தி வந்து, நேரத்தைச் சரியாக ஒப்பிட முடிந்தபோதுதான் சுமார் இரண்டரை நிமிடம், கச்சிதமாகச் சொன்னால் 2 நிமிடம் 27 நொடி கழிக்க வேண்டும் என்று தெரிந்தது. இங்கே நிமிடம் என்பது கடிகார நிமிடம் இல்லை, டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. நம் அட்சரேகையில் இந்த இரண்டரை நிமிடம் ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர்!

இனி கருவியின் கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ராணுவம் 1973-இல் திட்டமிட்டு, 1978-இல் முதல் செயற்கைக்கோளை விட்டது. 1983 செப்டம்பரில் வழி தவறிய கொரியப் பயணி விமானத்தைச் சோவியத் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்த பிறகு, இந்த வசதி பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று ரீகன் அரசு அறிவித்தது. ஆனால் பொதுமக்களுக்கு வருகிற சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பினார்கள். 100 மீட்டர் வரை தப்பு காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் ஒரே இரவில் அதை நிறுத்தினார்கள். மறுநாள் காலையில் உலகத்தில் இருந்த எல்லாப் பெட்டிகளும் 20 மீட்டருக்குள் சொல்ல ஆரம்பித்தன. நம்ம வள்ளங்களில் கார்மின் கைப்பெட்டி சாதாரணமானது அதற்குப் பிறகுதான். கரை அடையாளம் பார்த்துப் பார் பிடிக்கிற பழக்கம் குறைந்ததும் அப்போதுதான். ஒருமுறை சரியாகப் போய் ‘மார்க்’ பொத்தானை அழுத்திவிட்டால் போதும், அடுத்த முறை இருட்டிலும் போகலாம். பையனுக்குக் கோபுரமும் தேரியும் காட்டித் தர வேண்டிய அவசியம் அப்பனுக்கு இல்லாமல் போயிற்று.

ஆனால் அந்தப் பெட்டியில் வரைபடம் என்று பார்த்தால் கடல் வெறும் நீலம்தான். 2004-இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கி, கார்மின் பெட்டிக்கு ஏற்ற கோப்பாக மாற்றி, மெமரி கார்டில் ‘கார்மின்’ என்ற ஃபோல்டருக்குள் போட்டால் நம்ம தெரு, குளம், சந்து எல்லாம் வந்துவிடும். ரொம்ப நல்ல காரியம். அதிலும் கடலடிப் பாரைக் குறிப்பவர் யாரும் இல்லை. நம் நில அளவைத் துறையின் தாள் வாங்கலாம் என்றால், கரையை ஒட்டிய சுமார் 80 கிலோமீட்டர் அகலத்துக்கு நுட்பமான வரைபடங்கள் பாதுகாப்புக் காரணத்துக்காக நெடுநாள் பொதுமக்களுக்குக் கிடைக்கவில்லை. தூத்துக்குடி, திருச்செந்தூர், நம்ம ஊர் எல்லாமே அதற்குள் அடக்கம். 2005-இல் ஒரு தளர்வு வந்தது, 2021 பிப்ரவரியில்தான் பெரிதாகத் திறந்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 1950-களில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட இந்திய வரைபடத் தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் சும்மா போட்டு வைத்திருந்தது. நம்ம கரையை நாம் பார்க்க டெக்சாஸ் வழியாகப் போக வேண்டியிருந்தது.

இங்கேதான் நம்ம மாணவர் ஒருவர் வருகிறார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. வள்ளம் வைத்திருக்கிறார். இணையத்தில் 1800-களில் அச்சான ஒரு கரையோர வரைபடத்தின் ஸ்கேன் கிடைத்திருக்கிறது, அதில் பார்கள் புள்ளி போட்டுக் குறித்திருக்கின்றன. அதைத் தன் பெட்டியில் ஏற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. வழி சுலபம்தான். படத்தைக் கூகுள் எர்த்தில் மேலே விரித்து வைத்து, மூலைகளைச் சரியான இடத்தில் பொருத்தி, கே.எம்.இசட். கோப்பாகச் சேமித்து, பெட்டியில் ‘கஸ்டம் மேப்ஸ்’ ஃபோல்டருக்குள் போட வேண்டும். கார்மின் கைப்பெட்டிகளில் இந்த வசதி 2009 வாக்கில் வந்தது. பெரிய படமாக இருந்தால் துண்டு போட வேண்டும், பழைய பெட்டிகள் 1024-க்கு 1024 புள்ளிக்கு மேல் உள்ள துண்டைத் தெளிவாகக் காட்டாது. இதெல்லாம் அவருடைய மகளே செய்துவிட்டாள், பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. தாளின் ஓரத்தில் அச்சிட்டிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே வைத்து மூலைகளைப் பொருத்தியிருக்கிறாள். பாடப்புத்தகப்படி முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

இரவு எட்டு மணிக்கு அவர் போன் பண்ணினார். “சார், கோவில் தண்ணிக்குள்ள நிக்கி சார்!”

பனிமயமாதா கோவிலைச் சொல்கிறார். பெட்டியில் பழைய தாளை விரித்தால் கோவிலும் ஊரும் கரையை விட்டுக் கிழக்கே கடலுக்குள் போய் நிற்கின்றன. எவ்வளவு தூரம் என்று அளக்கச் சொன்னேன். நாலரை கிலோமீட்டர் சுமாருக்கு வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, உடம்பு ஒரு தடவை சிலிர்க்கவும் செய்தது. 200 வருஷத்துக்கு முன்னால் சென்னையில் தப்பின கணக்கு, தூத்துக்குடியில் ஒரு கையடக்கப் பெட்டிக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

தரையில் கோவில் இருந்ததால்தான் இது தெரிந்தது. கடலை மட்டும் காட்டுகிற தாளாக இருந்தால் பெட்டி எந்தச் சந்தேகமும் இல்லாமல் பாரைக் காட்டியிருக்கும், அவரும் நாலரை கிலோமீட்டர் கூடுதலாக டீசல் எரித்து மணல்மேல் போய் நின்றிருப்பார். பாரே இல்லை, வெள்ளைக்காரன் சும்மா எழுதிவிட்டான் என்று முடிவும் கட்டியிருப்பார்.

சரி செய்வது எப்படி? ஓரத்து எண்களை நம்பாதே, தாளிலும் இருக்கிற, இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கிற மூன்று பொருளைப் பிடி, அவற்றை வைத்துத் தாளைப் பொருத்து என்று சொன்னேன். எதைப் பிடிப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கரைக்கோட்டைப் பிடிக்கக் கூடாது. 1974-இல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர்கள் கரையையே மாற்றிவிட்டன. ஆற்று முகத்துவாரம் கூடவே கூடாது, கொற்கையை நினைத்துக்கொள்ளுங்கள். தீவைப் பிடிக்கலாம் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா அறிவித்த 1986-இல் தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான்தீவு 16 ஹெக்டேர் இருந்தது. 30 வருஷத்துக்குள் 2 ஹெக்டேருக்குக் கீழே வந்து, செயற்கைப் பாறை இறக்கிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. பூங்காவின் 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. அதனால் தீவும் ஆகாது.

கடைசியில் மிஞ்சியவை மூன்று: 1713 முதல் அதே இடத்தில் இருக்கிற பனிமயமாதா கோவில், மணப்பாடு மணல்குன்றின் மேல் உள்ள திருச்சிலுவைக் கோவில், திருச்செந்தூர் ராஜகோபுரம். பட்டியலைக் கேட்டதும் அவருடைய அப்பா பக்கத்திலிருந்து சிரித்தார். “இதத்தானல நாங்க கடல்லயிருந்து பாத்தோம்” என்றார். அவர் 1960-ஐ ஒட்டி, சின்ன வயசில், தோணியில் போனவர்.

பொருத்திய பிறகும் நான் ஒரு எச்சரிக்கை சொன்னேன், எல்லாருக்கும் பொருந்தும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். திரையில் விரலால் பெரிதாக்கினால் படம் பெரிதாகும், உண்மை பெரிதாகாது. டெக்சாஸ் தாள்களின் அளவு இரண்டரை லட்சத்துக்கு ஒன்று. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது கடலில் 250 மீட்டர். பென்சில் முனையின் தடிமனே ஒரு பாரின் பாதியை மறைத்துவிடும். ஆகவே தாள் காட்டுகிற இடத்தைச் சுற்றி ஆழமானியை ஓடவிட்டுத் தேட வேண்டும்.

இன்னொன்று, இதனால் உயிருக்கும் தொழிலுக்குமே வம்பு வரும். எண்ணை எழுதுகிற முறை. 8 டிகிரி 45.30 நிமிடம் என்பது வேறு, 8 டிகிரி 45 நிமிடம் 30 நொடி என்பது வேறு. முதலாவதில் புள்ளிக்குப் பின்னால் உள்ளது நூற்றில் முப்பது, இரண்டாவதில் அறுபதில் முப்பது. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல்மைல், 1852 மீட்டர். ஆக இந்த இரண்டுக்கும் இடையே 370 மீட்டர் இருக்கிறது. வி.எச்.எஃப்.பில் ஒருத்தர் “நாப்பத்தஞ்சு முப்பது” என்று சொல்ல, மற்றவர் தன் பெட்டி எந்த முறையில் இருக்கிறதோ அதில் அழுத்தினால் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். பார் தேடும்போது போனால் போகிறது. 1974, 1976 ஒப்பந்தங்களில் இலங்கையோடு வகுத்த கடல் எல்லைக் கோடும் இதே மாதிரி எண்களால்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதன் அருகே 370 மீட்டர் என்பது வீட்டுக்கு வருவதற்கும் சிறைக்குப் போவதற்கும் இடையில் உள்ள தூரம். ஒக்கி புயலில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சேதி போய்ச் சேராத கொடுமைக்குப் பிறகு, 2019-இல் ஜெமினி என்ற நம் நாட்டுக் கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையும் தருகிறது, நல்லது. ஆனாலும் எண்ணை எழுதும்போது புள்ளியா நொடியா என்பதைச் சேர்த்து எழுதுங்கள். பள்ளியில் அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் குறைப்பேன் என்று என்னைத் திட்டினீர்களே, அதுதான் இது.

பத்து நாள் கழித்து அவர் மறுபடி போன் செய்தார். தாளில் குறித்த ஒரு பாரைத் தேடிப் போயிருக்கிறார். குறித்த புள்ளியில் மணல். சுற்றிச் சுற்றித் தேடியதில் தள்ளி ஓரிடத்தில் ஆழமானியில் கல் ஏறியது. அடியில் பார் இருக்கிறது, மீனும் இருந்திருக்கிறது. தாளில் இருந்த பெயரை அப்பாவிடம் படித்துக் காட்டியதற்கு, அப்படி ஒரு பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். அவர்கள் அதற்கு வேறு பெயர் சொல்வார்களாம். மகள் இரண்டு பெயரையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். பெட்டியில் தாத்தா சொன்ன பெயர்தான் போட்டிருக்கிறாள், 10 எழுத்துக்குள் அடங்கவில்லை என்று சுருக்கி.

அந்த நோட்டை ஒரு நகல் தாயேன், சரித்திரத்துக்கு வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: “பேரு வேணும்னா எழுதித் தாரேன் சார். நம்பர் தர மாட்டேன்.”